தகப்பன் சொன்னது

ராமதாஸ் கிராணிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பெருமைதான் இருந்தது. நிலபுலம் கிடையாது, ஆளும் ஒன்றும் வாட்டசாட்டம் இல்லை, ஒல்லிக்குச்சி. ஆனால் மூன்று பாஷை நாக்கில் நிற்கும். தமிழில் ஒருவன் சொன்னதை இங்கிலீஷில் சொன்னாலும், துரை இங்கிலீஷில் சொன்னதை மலாயில் சொன்னாலும், ஒரு சொல் கூட்டமாட்டார், ஒரு சொல் குறைக்கமாட்டார். "நான் குழாய் மாதிரி. இந்தப் பக்கம் ஊத்துனது அந்தப் பக்கம் வரும், அவ்வளவுதான்லா" என்பார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார். அந்தப் பெருமை ஒரு பிள்ளையின் படிப்பில் எப்படி மண்ணைப் போட்டது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். கேட்டுவிட்டு அவரைத் திட்டுவதானால் திட்டுங்கள், பாவம் என்று விடுவதானால் விடுங்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஐந்து வயதில் தாயோடு நாகப்பட்டினத்துக் கப்பலில் பினாங்குக்கு வந்தவர். தகப்பன் துறைமுகத்தில் மூட்டை எண்ணினார். மகன் ஏழாம் ஸ்டாண்டர்டு வரை படித்து, இரண்டு கடைகளில் கணக்கெழுதி, 1913-இல் ஜார்ஜ் டவுனில் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக, உட்கார்ந்தார். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்காதீர்கள். பேரைச் சொன்னால் நாலு பேருக்குக் கோபம் வரும், வந்து என்ன ஆகப்போகிறது. ருக்குமணியைக் கட்டிக்கொண்டு பினாங்கு ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தார். பிள்ளை இல்லை. காலையில் எட்டடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆபீசில் இருப்பார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்து வரை பட்டன். பதினாலு வருஷம் ஒரு நாளும் தாமதம் இல்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் விசாரணை எப்படி நடக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆபீசில் தடித்த அட்டை போட்ட புகார்ப் புத்தகம் ஒன்று கிடக்கும். யார் மேலாவது புகார் இருந்தால் வாத்தியாரோ மானிட்டரோ அதில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். சின்னக் குற்றத்துக்கு அன்றைக்கே பிரம்படி. பெரிய குற்றம் என்றால் தகப்பனுக்குக் கடிதம் போகும். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஹெட்மாஸ்டர் நடுவில் உட்காருவார், இரண்டு பக்கமும் இரண்டு வாத்தியார்கள். பையன் நிற்பான், தகப்பனும் நிற்பான். பெரிய சீன முதலாளி, தவுக்கே யாராவது வந்தால் மட்டும் பியூன் காஜா மொய்தீன் ஓடிப்போய் ஒரு நாற்காலி தூக்கிக்கொண்டு வருவார். ஓரத்து மேசையில் ராமதாஸ். அவர் முன்னால் விசாரணைப் புத்தகம், அதில் ஒவ்வொரு பக்கத்திலும் நாலு கட்டம்: குற்றம். பையன் சொன்னது. தகப்பன் சொன்னது. தீர்ப்பு. வேறு யாரைக் கேட்டார்கள், யார் கண்ணால் பார்த்தார்கள் என்று எழுதக் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாததால் யாரும் அதைக் கேட்டதும் கிடையாது. இங்கிலீஷ் தெரியாத தகப்பன் பேசினால் ராமதாஸ் எழுந்து நின்று மொழிபெயர்ப்பார், பிறகு உட்கார்ந்து எழுதிக்கொள்வார்.

ஆயிர் ஈத்தாம் ஆற்றோரம் வண்ணாந்துறையில் பக்கிரிசாமி என்று ஒரு டோபி. வாத்தியார்மார் பங்களாக்களுக்கெல்லாம் அவர்தான் துணி வெளுத்தார். ராமதாஸ் வீட்டுக்கும் அவரே. மாட்டைப் போல உழைப்பார், வாயே திறக்கமாட்டார். துணியில் குறை என்று யாராவது சொன்னால் மட்டும் திறப்பார். "மன்னிச்சுக்குங்க. தப்பு நடந்துபோச்சு. இனிமே இப்படி நடக்காது, நான் பாத்துக்குறேன்." பட்டன் காணோமா, அதே வார்த்தை. வேட்டி கிழிந்திருக்கிறதா, அதே வார்த்தை. கிழித்தது அவரா வேறு யாரா என்ற பேச்சுக்கே இடமில்லை. துறையில் அத்தனை பேரும் அப்படித்தான். வாதாடுகிற டோபிக்கு அடுத்த வாரம் மூட்டை வராது. இன்னொரு கட்டுப்பாடும் அங்கே உண்டு. எந்த வீட்டுத் துணியில் என்ன இருந்தது என்று துறைக்கு வெளியே மூச்சு விடக்கூடாது.

இது ராமதாசுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். நான் சொல்லப்போகிற விசாரணைக்கு ஒரு வருஷம் முன்னால் அவர் சட்டையின் பை கிழிந்திருந்தது. பக்கிரிசாமியை வாசலில் நிறுத்தி, "கல்லுல அடிக்கிறியா, கோடாலியால வெட்டுறியாய்யா?" என்று காய்ச்சி எடுத்தார். அவர் அந்த மூன்று வாக்கியத்தைச் சொன்னார், சட்டையை வாங்கிக்கொண்டு போய்ப் பையைத் தைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். பத்து நாள் கழித்து ஆபீஸ் அலமாரியில் நீட்டிக்கொண்டிருந்த ஆணியில் அந்தச் சட்டையின் துணுக்கு தொங்கியது. ராமதாஸ் அதைப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டார். பக்கிரிசாமியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டோபியிடம் போய்த் தன் தப்பு என்று சொல்வதா? கிராணி அல்லவா!

பக்கிரிசாமிக்கு ஒரே மகன், பழனியப்பன். பதினேழு வயது. அதே பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு. காலையில் அப்பனோடு துறையில் நின்றுவிட்டு, குளித்து, நனைந்த தலையோடு வகுப்புக்கு வருவான். டிசம்பரில் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுதவேண்டும். பாஸ் செய்துவிட்டால் ஆஸ்பத்திரியில் மருந்து போட்டுக் கட்டுகிற டிரஸ்ஸர் வேலைக்குப் போகலாம், அதற்கு ஹெட்மாஸ்டர் கையால் ஒரு நற்சாட்சிக் கடிதம் வேண்டும். தாய் நல்லம்மாள் அந்தக் கடிதத்துக்காகவே உயிரை வைத்துக்கொண்டிருந்தாள். "எம்புள்ள காலு இந்தத் தண்ணியில ஊறக்கூடாது" என்பாள். துறையில் நின்றவர்களுக்குத்தான் அது விளங்கும். அவள் பாதத்தில் விரலிடுக்கெல்லாம் வெடித்துக் கிடக்கும்.

1927, மே மாதம். இருபத்துநாலாம் தேதி எம்பயர் டே, வெள்ளைக்காரன் சாம்ராஜ்யத்தைக் கொண்டாடுகிற கொடி நாள். ஹாலில் கொடி, காகிதத் தோரணம், ராஜா படம். காலையில் காஜா மொய்தீன் ஹாலைத் திறந்தவர், "யா அல்லா" என்று கத்திக்கொண்டு ஆபீசுக்கு ஓடிவந்தார். ராஜா படத்தில் முகம் தெரியாமல் மை. மேலிருந்து கீழ்வரை வழிந்து காய்ந்து கிடந்தது. கவர்னர் ஆபீசிலிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள்! ஹெட்மாஸ்டர் முகம் வெற்றிலை போட்ட மாதிரி சிவந்துவிட்டது. படத்தைக் கழற்றி ஒளித்துவிட்டு விழாவை ஒப்பேற்றினார்கள்.

மறுநாள் புகார்ப் புத்தகத்தில் ஹாலண்ட் துரை எழுதினார். இவர் இரண்டாவது மாஸ்டர், டிராயிங் சொல்லிக்கொடுப்பவர். விழாவுக்குத் துணியில் பெரிய எழுத்து எழுதி ஹாலில் கட்டும் வேலை அவருடையது. விழாவுக்கு முந்தின நாள் மாலை ஆறு மணிக்குப் பழனியப்பனை ஹால் வாசலில் பார்த்ததாகவும், தன்னைக் கண்டதும் அவன் விறுவிறுவென்று போய்விட்டதாகவும், அவன் விரலில் மை இருந்ததாகவும் எழுதியிருந்தார். மாணவன் விரலில் மை இல்லாமல் மருதாணியா இருக்கும்? ஆனால் எழுதியது துரை. ராமதாஸ் கடிதம் தயாரித்தார், தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. காஜா மொய்தீன் சைக்கிளில் கொண்டுபோய்த் துறையில் கொடுத்தார்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பக்கிரிசாமி இரண்டு மணிக்கே வந்து வராந்தாவில் நின்றார். தானே வெளுத்த வேட்டி, தோளில் துண்டு, காலில் செருப்பு இல்லை. பழனியப்பன் தூணோரம் நின்றிருந்தான். அப்பனும் மகனும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அது ராமதாசுக்குக் கொஞ்சம் விநோதமாகப் பட்டது.

எல்லாத் தகப்பனுக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. குறுக்க பேசாத. துரை கோபக்காரரு."

"சரிங்கய்யா." பக்கிரிசாமி துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "கிராணியய்யா, ஒண்ணு கேக்கலாங்களா? மன்னிப்பு கேட்டா வுட்டுருவாங்களா?"

ராமதாஸ் கையில் மைப்புட்டியும் பேனாவும். உள்ளே நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. "கேட்டுப்பாரு. கேட்டா என்ன கெட்டா போகும்?" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கு ஹெட்மாஸ்டருக்கு வலது பக்கம் ஹாலண்ட் துரையே உட்கார்ந்திருந்தார். புகார் எழுதியவரே தீர்ப்புச் சொல்லவும் உட்காரலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கே யாரும் கேட்கவில்லை. வெள்ளை லினன் கோட்டு போட்டிருந்தார், தும்பைப்பூ தோற்றுப்போகும், அப்படி ஒரு வெளுப்பு.

ஹெட்மாஸ்டர் குற்றத்தைப் படித்துவிட்டு, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார். பழனியப்பன் தலையை நிமிர்த்தி, சுத்தமான இங்கிலீஷில், "நான் செய்யவில்லை, சார். ஹாலுக்குள் நான் போகவே இல்லை. ஹாலண்ட் சாரின் அழுக்குத் துணி வாங்க வந்தேன். நாலு மணிக்குக் கொடுத்தார், வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்" என்றான்.

"ஆறு மணிக்கு நான் பார்த்தது வேறு யாரோவா?" என்றார் ஹாலண்ட் துரை, மேசையைப் பார்த்துக்கொண்டு.

"ஆறு மணிக்கு நான் துறையில் இருந்தேன், சார்."

"உன் வார்த்தை ஒரு பக்கம், ஒரு மாஸ்டரின் வார்த்தை ஒரு பக்கம்" என்றார் ஹெட்மாஸ்டர். மனிதர் கெட்டவர் இல்லை. அவசரக்காரர். நாலு மணிக்கு டென்னிஸ்.

பழனியப்பன் அப்பன் பக்கம் திரும்பினான். தமிழில், மெதுவாக, "அப்பா, சொல்லுங்க" என்றான்.

"என்ன சொல்கிறான்?"

ராமதாஸ் எழுந்தார். "தகப்பனைப் பேசச் சொல்கிறான், சார்."

"நல்லது. பேசட்டும்."

பக்கிரிசாமி ஹாலண்ட் துரையின் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் தாழ்த்தியிருக்கிறார், வெட்கம் என்று ராமதாஸ் நினைத்துக்கொண்டார். "சொல்லுங்கப்பா" என்றான் மகன் மறுபடியும். பக்கிரிசாமி இரண்டு கையையும் கூப்பினார்.

"மன்னிச்சுக்குங்க தொரை. தப்பு நடந்துபோச்சு. இனிமே இப்படி நடக்காது, நான் பாத்துக்குறேன்."

ராமதாசுக்கு அந்த நொடியே சுரீரென்றது. சட்டைப் பைக்குச் சொன்ன அதே மூன்று வாக்கியம், ஒரு எழுத்துப் பிசகவில்லை. இது குற்றத்தை ஒப்புக்கொள்கிற பேச்சில்லை, டோபி துணி மூட்டையோடு சேர்த்துத் தூக்கிவருகிற பேச்சு. அந்த அறையில் இது தெரிந்த ஒரே ஆள் அவர்தான். ஆனால் குழாய் என்ன செய்யும்? அப்படியே இங்கிலீஷில் ஊற்றினார். மன்னியுங்கள். தவறு நடந்துவிட்டது. இனி இப்படி நடக்காது, நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஹெட்மாஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியென்றால் தகப்பன் ஒப்புக்கொள்கிறார்?"

கேள்வி ராமதாசைப் பார்த்துத்தான். பாஷை பெயர்க்கச் சொல்லவில்லை, நேராகக் கேட்டார். பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து அவர் சொந்தப் பேச்சை எதிர்பார்த்தார்கள். ராமதாஸ், "அவர் சொன்னது அதுதான், சார்" என்றார்.

படுபாவி! வேறென்ன சொல்ல?

பள்ளியிலிருந்து நீக்கம். நற்சாட்சிக் கடிதம் கிடையாது. பரீட்சைப் பட்டியலிலிருந்து பெயர் அடிக்கப்படும். ராமதாஸ் தீர்ப்புக் கட்டத்தில் எழுதினார். பக்கிரிசாமிக்குத் தீர்ப்பைத் தமிழில் சொன்னபோது அவர் புரியாதவர் போல நின்றார். "அடிக்கலீங்களா?" என்று கேட்டார். "பிரம்பால அடிச்சுட்டு வுட்டுருவாங்கதானே?"

காஜா மொய்தீன் பையனின் முழங்கையைப் பிடித்து வாசல் வரை கூட்டிப்போனார். அங்கே அவன் நின்று திரும்பினான். துரைமாரைப் பார்க்கவில்லை, ஓரத்து மேசையைப் பார்த்தான். "அண்ணே, எங்கப்பா எப்பவுமே அப்படித்தான் சொல்லுவாருன்னு உங்களுக்குத் தெரியுமே" என்றான்.

"என்னவாம்?" என்றார் ஹெட்மாஸ்டர், தொப்பியைத் தேடிக்கொண்டே.

"ஒன்றுமில்லை, சார்" என்றார் ராமதாஸ். ஒரு சொல்லும் குறைக்காத மனிதர், அன்றைக்கு ஒரு முழு வாக்கியத்தையே விழுங்கினார்.

அந்த வாக்கியம் வயிற்றில் இறங்கவில்லை. சோறு பிடிக்கவில்லை. ருக்குமணி, "ஏங்க, மேலுக்கு முடியலையா?" என்று நாலு தடவை கேட்டுவிட்டு, கேட்பதை நிறுத்திக்கொண்டாள். ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, டிராம் ஏறி வண்ணாந்துறைக்குப் போனார். அத்தனை வருஷம் துணி போட்டும் அந்தத் துறைக்கு அவர் போனதே இல்லை.

ஆற்றங்கரை நெடுக வெள்ளைத் துணி காய்ந்துகொண்டிருந்தது. கல்லில் அடிக்கிற சத்தம் காதைப் பிளந்தது. பழனியப்பன் முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு மேசைவிரிப்பை அடித்துக்கொண்டிருந்தான். ராமதாசைப் பார்த்தான், அடிப்பதை நிறுத்தவில்லை. பக்கிரிசாமி ஓடிவந்தார். ராமதாஸ் வாயைத் திறப்பதற்குள் கும்பிட்டுவிட்டார்.

"மன்னிச்சுக்குங்க கிராணியய்யா. சட்டையில ஏதாச்சும் குறைங்களா?"

ராமதாஸ் அவசரமாகத் தலையை ஆட்டினார். "குறையெல்லாம் இல்ல, பக்கிரிசாமி. நீங்க உக்காருங்க" என்றார். அவரை "நீங்க" என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க? புள்ள செய்யலன்னு தெரியாதா?"

பக்கிரிசாமி தலையைக் குனிந்துகொண்டார். பேசியது நல்லம்மாள். துணி வெளுக்க உவர்மண் பிசைந்துகொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு எழுந்து வந்தாள்.

"தெரியாதாவா? நல்லாக் கேளுங்க! அந்தக் கோட்டைப் பத்திச் சொல்லச் சொல்லுங்க!"

"நல்லம்மா, சும்மா இரு."

"சும்மா இருந்துதானே இந்தக் கதி! கொடி நாளுக்கு மறுநா அந்தத் தொரையோட சமையக்காரன் ஒரு மூட்டை கொண்டாந்து போட்டான். அவுத்தா கோட்டு. முன்பக்கம், கை, எல்லாம் மை. அந்தாளு ஹாலுல ஏணியில ஏறி எழுதிக்கிட்டிருந்தாராம், மைப்புட்டி தவறிடுச்சாம், சமையக்காரனே சொன்னான். எம்புள்ள அதைப் பாத்துட்டு, 'அப்பா, இதை வெளுக்காதீங்க, அப்படியே எடுத்துக்கிட்டு வாங்க'ன்னு காலைப் பிடிச்சான். கேட்டாரா இவரு?"

ராமதாஸ் பக்கிரிசாமியைப் பார்த்தார்.

"எப்படிங்கய்யா எடுத்துக்கிட்டு வருவேன்?" என்றார் பக்கிரிசாமி, யாரோ கேட்டுவிடுவார்கள் என்பது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு. "துணியில பாத்தத வெளிய சொல்லக்கூடாது. நான் ஒருத்தன் சொன்னா, நாளைக்கு எந்த பங்களாவுல இந்தத் துறைக்கு மூட்டை போடுவாங்க? இங்க நாப்பது அடுப்பு எரியுது. கையெடுத்துக் கும்பிட்டா திட்டுவாங்க, பிரம்பால ரெண்டு அடி போடுவாங்க, அப்புறம் வகுப்புக்குப் போடான்னுடுவாங்கன்னு நெனச்சேன். எல்லாத்துக்கும் அப்படித்தானே நடக்குது. துணி கிழிஞ்சாலும் அப்படித்தான்." காய்ந்துகொண்டிருந்த ஒரு துணியின் ஓரத்தை இழுத்து நேராக்கினார். "எலுமிச்சையும் உப்பும் போட்டு மூணு நாளு வெயில்ல வச்சேங்கய்யா. ஒரு பொட்டுக் கறை இல்லாமப் போயிருச்சு."

அந்தத் தும்பைப்பூ வெள்ளைக் கோட்டு ராமதாசின் கண்முன் வந்து நின்றது. "அப்பா, சொல்லுங்க" என்று அந்தப் பிள்ளை எதைச் சொல்லச் சொன்னான் என்பது அப்போதுதான் விளங்கியது. அவனாகச் சொல்லியிருக்கலாமே என்றால், எதைக் காட்டிச் சொல்வான்? சாட்சியை அப்பனே வெளுத்து, கஞ்சி போட்டு, மடித்து அனுப்பிவிட்டாரே. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது ராமதாசுக்கு. தண்ணீரில் அடி விழுகிற சத்தம் நிற்கவே இல்லை.

"கோட்டுப் பேச்ச எடுத்துடாதீங்கய்யா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று பக்கிரிசாமி டிராம் ரோடு வரை கூடவே வந்து கெஞ்சினார். எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு ராமதாஸ் டிராம் ஏறினார்.

திங்கட்கிழமை ராமதாஸ் ஹெட்மாஸ்டர் அறைக் கதவைத் தட்டினார். கோட்டைப் பற்றிச் சொல்லவில்லை, வாக்குக் கொடுத்துவிட்டாரே. மற்றதைச் சொன்னார். எங்கள் ஆட்களிடம், அதிலும் அந்தத் தொழிலில், மன்னிப்புக் கேட்பது முதல் மரியாதை, சார். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அதற்கு அர்த்தம் இல்லை. அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும்.

ஹெட்மாஸ்டர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு விசாரணைப் புத்தகத்தை எடுத்து விரித்தார். "இது உங்கள் கையெழுத்துதானே?"

"ஆமாம், சார்."

"தகப்பன் சொன்னது என்ற கட்டத்தில் 'மன்னிப்புக் கேட்டார்' என்று நீங்கள் எழுதுவது இதுதான் முதல் தடவையா?" பக்கத்தைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார். எல்லாம் ராமதாசின் அழகான சாய்வெழுத்து. "இதைத் திறந்தால், பதினாலு வருஷத்தையும் திறக்கச் சொல்கிறீர்களா, மிஸ்டர் ராமதாஸ்?"

ராமதாஸ் அந்தப் பக்கங்களைப் பார்த்தார். ஒரு பழனியப்பனுக்காக வந்தவருக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. கித்தாத் தோட்டத்தில் ரப்பர் பால் எடுக்கிறவர், ரிக்ஷா இழுக்கிறவர், ரொட்டி சுடுகிறவர், மணலேற்றுகிறவர், எத்தனை தகப்பன்மார் அந்த அறையில் கைகூப்பி நின்றார்கள்! ஒருவர்கூட மன்னிப்புக் கேட்காமல் போனதில்லை. அதில் எத்தனை பிள்ளைகள் செய்தார்கள், எத்தனை பேர் செய்யவில்லை? அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவர் நினைத்ததும் இல்லை. "இல்லை, சார்" என்றார். வந்து தன் மேசையில் உட்கார்ந்து, அன்றைய வருகைப் பதிவை எழுதத் தொடங்கினார்.

ஹாலண்ட் துரை மறு வருஷம் ஊருக்குக் கப்பலேறினார். தேநீர் விருந்து வைத்து, மாலை போட்டு அனுப்பினார்கள். வாழ்த்துமடலை எழுதியது ராமதாஸ்தான். வேறு யார் எழுதுவார்கள்?

அதன் பிறகும் விசாரணைகள் நடந்தன, அவரும் நின்று மொழிபெயர்த்தார். ஒரே ஒரு வித்தியாசம். வராந்தாவில் தகப்பன்மாரிடம், "கெஞ்சாதீங்க. புள்ள செய்யலன்னா செய்யலன்னு மட்டும் சொல்லுங்க" என்று ரகசியமாகச் சொல்லிப்பார்த்தார். அவர்களும் தலையை ஆட்டுவார்கள். உள்ளே போனதும் கை தானாகக் கூம்பிவிடும். குழாய் என்கிற பேச்சை மட்டும் அவர் எடுப்பதே இல்லை. ஆள் பாதியாக இளைத்துவிட்டார்.

1930-இல் பக்கிரிசாமிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு எழமுடியாமல் போனது. மூட்டையைப் பழனியப்பன் தூக்கினான். அப்பனோடு அவன் மூன்று வருஷமாகப் பேசவில்லை என்று துறையில் சொன்னார்கள். ஒரே கல்லில், ஒரே வீட்டில், ஒரு வார்த்தை கிடையாதாம்.

ஒரு சனிக்கிழமை பகல் ராமதாஸ் உள்ளறையில் படுத்திருந்தார். வாசலில் ருக்குமணியின் குரல் உயர்ந்தது.

"இது என்ன தம்பி, மேல்பட்டனைக் காணோம்? போன வாரந்தான் தச்சுப் போட்டேன். இப்படியா அடிக்கிறது?"

ராமதாஸ் எழுந்து உட்கார்ந்தார். அந்தப் பட்டன் அறுந்தது ஆபீசில். புழுக்கம் தாங்காமல் அவரே இழுத்ததில் அறுந்து உருண்டு அலமாரிக்கு அடியில் போய்விட்டது. புதன்கிழமை நடந்தது. காது வாசலில் நின்றது அவருக்கு. 'நான் செய்யவில்லை' என்று தலையை நிமிர்த்திச் சொன்ன பிள்ளை அவன். இப்போதும் சொல்லுவான், சொல்லட்டும் என்று மனசுக்குள் கும்பிட்டார்.

"மன்னிச்சுக்குங்கம்மா" என்றான் பழனியப்பன். "தப்பு நடந்துபோச்சு. இனிமே இப்படி நடக்காது, நான் பாத்துக்குறேன்."

ராமதாஸ் வேட்டியை இடுப்பில் பிடித்துக்கொண்டு செருப்பில்லாமல் வாசலுக்கு ஓடினார். ருக்குமணி திகைத்துப்போய் விலகினாள். அவன் அதற்குள் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சந்தில் பத்தடி போயிருந்தான்.

"தம்பி! அது நீ இல்லப்பா. நான்தான் அறுத்தேன், ஆபீசுல. உன் மேல தப்பில்ல. கேக்குதா? உன் மேல தப்பே இல்ல!"

பழனியப்பன் நின்றான். மூட்டை கனத்தில் கழுத்தைத் திருப்பமுடியாமல் உடம்போடு திரும்பினான். கோபம் ஏதாவது இருக்குமா என்று ராமதாஸ் அந்த முகத்தில் தேடினார். ஒன்றும் இல்லை. கால் விரலிடுக்கெல்லாம் வெடித்து வெளுத்திருந்தது.

"அப்படிங்களா" என்றான். "மன்னிச்சுக்குங்கய்யா."

பிறகு அடுத்த வீட்டுக்குத் துணி கொடுக்கப் போனான்.